ஐரோப்பியத் தலைநகரங்களில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பா போய்விட்டு வந்ததிலிருந்து சொந்தக்காரர், நண்பர், நண்பரின் நண்பர் என்று யாராவது ஒருவர் பயணத் திட்டத்தை அனுப்பி "இது சரியா வருமா பாருங்க" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். என் விருப்பு வெறுப்பும் இதில் கலந்திருக்கும், அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளில் ஏழு தலைநகரம் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏழு ஊர் என்றால் ஆறு முறை பெட்டி கட்டி, ஆறு முறை அறையைக் காலி செய்து, ஆறு முறை புது ஊரில் வழி கேட்டு நிற்க வேண்டும். அதிலேயே மூன்று நாள் கரைந்துவிடும். பத்து நாளுக்கு மூன்று ஊர் போதும், அதுவும் பக்கத்துப் பக்கத்து ஊராக எடுத்துக்கொண்டால் அலைச்சல் குறையும். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் ரயிலில் இரண்டே முக்கால் மணி நேரம்தான், வியன்னாவிலிருந்து பிராகா சுமார் நான்கு மணி நேரம், லண்டனிலிருந்து பாரிஸ் கடலுக்கடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ரோமும் ஏதென்ஸும் சேர்ந்தால் நல்ல ஜோடி, ஆனால் நடுவில் விமானம் தேவைப்படும்.

ஒரே விசாவில் எல்லா ஊருக்கும் போகலாமா?

ஷெங்கன் விசா எடுத்தால் பாரிஸ், ரோம், ஏதென்ஸ், பெர்லின், வியன்னா, பிராகா, புடாபெஸ்ட், வார்சா, லிஸ்பன் எல்லாமே அதில் அடங்கும். லண்டன் அடங்காது, அதற்குத் தனி விசா. அயர்லாந்தின் டப்ளினும் ஷெங்கனுக்கு வெளியேதான். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் "பழசா இருக்கு, பெரிசா இருக்கு" என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. எதைத்தான் பார்க்க வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதல் பயணத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான்காவது தேவாலயத்துக்கு அப்புறம் எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரிந்தது.

இப்போது எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடுகிறேன்: இது எப்போது உடைந்தது, எப்படித் திரும்ப எழுந்தது? ஐரோப்பியத் தலைநகரங்களில் அடிபடாத பெரிய சின்னம் அரிது. தீயோ, நிலநடுக்கமோ, குண்டோ, கொள்ளையோ ஏதோ ஒன்று அதைத் தொட்டிருக்கும், அந்தத் தழும்பு இன்னும் கண்ணுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கட்டடம் நம்மோடு பேச ஆரம்பித்துவிடும்.

வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் வண்ண ஓடுகளை வளைந்து வளைந்து கோலம் போல அடுக்கியிருப்பார்கள், ஏறத்தாழ 2,30,000 ஓடுகள். எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள். வடக்குப் பக்கம் சுற்றிப் போய் அண்ணாந்து பாருங்கள், அதே ஓடுகளில் 1950 என்று ஆண்டு எழுதியிருக்கும். 1945 ஏப்ரலில் போரின் கடைசி நாட்களில் கூரை முழுக்க எரிந்து விழுந்தது, ராட்சத மணியும் கீழே விழுந்து நொறுங்கியது. அந்த மணிக்கே ஒரு முன்கதை உண்டு. 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட ஒட்டோமான் படை விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்தது அது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி 1951இல் மறுபடி வார்த்தார்கள், அடுத்த ஆண்டு பேராலயம் திறந்தது. ஒவ்வொரு புத்தாண்டு நள்ளிரவிலும் அந்த மணி ஒலிக்கும். பீரங்கி மணியாகி, மணி உடைந்து, மறுபடி மணியான கதை தெரிந்த பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறது.

பாரிஸ் நோத்ர தாம் எரிந்துபோனதே, இப்போது உள்ளே போகலாமா?

தாராளமாகப் போகலாம். 2019 ஏப்ரல் 15ஆம் தேதி மாலை கூரை பற்றி எரிந்து, கோபுர ஊசி முறிந்து விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. அதிகாரபூர்வ இணையதளத்தில் இலவசமாக நேரம் பதிவு செய்துகொண்டால் வரிசை சுருங்கும், பதிவு இல்லாமலும் நின்று போகலாம். வாசலில் யாராவது காசுக்கு அனுமதிச்சீட்டு விற்றால் வாங்காதீர்கள்.

உள்ளே போனதும் கல்லின் நிறத்தைப் பாருங்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த புகையையும் தூசியையும் துடைத்துவிட்டதால் சுவர் வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. பழைய இருட்டு நோத்ர தாமை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். 1163 வாக்கில் கட்ட ஆரம்பித்தபோது அந்தக் கல் இப்படித்தான் வெளுத்துக் கிடந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கூரைக்குள் இருக்கும் ஓக் மர உத்தரங்களைப் பழையபடியே கைக்கோடாலியால் செதுக்கினார்கள். இயந்திரத்தில் அறுத்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், ஆனால் அந்தக் கைவேலை தெரிந்த தச்சர்கள் இன்னும் இருந்ததால்தான் பழையபடியே செய்ய முடிந்தது. எனக்கு அந்தக் கட்டடத்தில் பெரிய அதிசயம் அதுதான்.

ஈஃபில் கோபுரத்தில் உச்சிவரை ஏற வேண்டுமா?

தேவையில்லை. இரண்டாம் தளமே போதும், ஊர் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். கால் வலுவாக இருந்தால் 674 படி ஏறிப் போங்கள், லிஃப்ட் வரிசையைவிடச் சிறிய வரிசை. ஏறும்போது ஆணிகளைக் கவனியுங்கள், மொத்தம் 25 லட்சம் ஆணி அடித்து இணைத்த இரும்பு அது. 1889 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், இருபது ஆண்டு நிற்கத்தான் அனுமதி, அப்புறம் பிரித்துவிட வேண்டும் என்று பேச்சு. கம்பியில்லாத் தந்திக்கு உயரமான கம்பம் தேவைப்பட்டதால் தப்பியது. இன்று உச்சி ஆன்டெனாவோடு 330 மீட்டர்.

பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்ரோக்காதேரோ மேட்டில் இருட்டும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மின்னும். குழந்தைகள் கத்துவார்கள், பெரியவர்களும்தான்.

ரோம் கொலோசியத்தின் சுவர் முழுக்க ஓட்டையாக இருக்கிறதே, குண்டு பாய்ந்ததா?

இல்லை. கல்லோடு கல்லைப் பிணைக்க உள்ளே இரும்புப் பிடிகள் வைத்திருந்தார்கள், இடைக்காலத்தில் இரும்புக்காகத் தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள், மிச்சம் ஓட்டைதான். கட்டடம் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருக்கக் காரணம் 1349 நிலநடுக்கம். விழுந்த கற்களை ஊரார் அள்ளிப் போய் வேறு கட்டடங்களில் வைத்துக் கட்டிவிட்டார்கள். இதை அழிவு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கொலோசியத்தின் பாதி ரோம் நகரத்துக்குள்ளேயே பிரிந்து கிடக்கிறது. வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்துவைத்த அரங்கம். நேரம் குறித்த சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று கேள்விப்பட்டு அன்றைக்குத் திட்டம் போடுகிறவர்கள் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

வத்திக்கான் ரோமுக்குள் இருந்தாலும் தனி நாடு. புனித பேதுரு பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், ஆண்களுக்கும்தான். ஒரு துண்டோ துப்பட்டாவோ பையில் இருந்தால் பிரச்சினை இல்லை.

ஏதென்ஸ் பார்த்தெனானில் எப்போதும் சாரம் கட்டியிருக்கிறதாம், அதற்கு ஏன் அவ்வளவு தூரம் போவானேன்?

அந்தச் சாரத்துக்காகவே போகலாம் என்பது என் கட்சி. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கி.மு. 447இல் தொடங்கி 432க்குள் சிற்ப வேலையும் முடிந்த கோயில் அது. அப்புறம் தேவாலயமாக இருந்தது, அப்புறம் மசூதி. இத்தனைக்கும் மேலே இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பெரும்பாலும் முழுசாகவே நின்றது. 1687இல் வெனிஸ் படை ஏதென்ஸை முற்றுகையிட்டபோது ஒட்டோமான்கள் உள்ளே வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு குண்டு நேராக வந்து விழுந்தது. நடுப்பகுதி முழுக்கச் சிதறியது. இன்று நாம் பார்க்கும் பாழடைந்த தோற்றம் காலம் மெல்ல மெல்ல அரித்ததால் வந்தது இல்லை, பெருமளவு அந்த ஒரே நாளில் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிசெய்தவர்கள் இரும்புப் பிடிகளைப் போட்டுக் கற்களை இணைத்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் இரும்பு துருப்பிடித்து உப்பி பளிங்கையே பிளந்துவிட்டது. பழைய கிரேக்கக் கொத்தர்களும் இரும்பைத்தான் போட்டார்கள், ஆனால் ஈயத்தை உருக்கி மேலே ஊற்றி மூடினார்கள், அதனால் அவர்கள் போட்டது துருப்பிடிக்கவில்லை. 1975இலிருந்து நடக்கும் பணியில் அந்தத் துருவேறிய இரும்பைக் கழற்றி டைட்டானியம் வைக்கிறார்கள். எங்கே புதுக்கல் தேவையோ அங்கே பழைய கல் எடுத்த அதே பெண்டெலி மலையின் பளிங்கைச் செதுக்கிப் பொருத்துகிறார்கள். தூணில் அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது புதுக்கல், தேன் நிறத்தில் இருப்பது பழசு. சாரத்தில் ஒருவர் உட்கார்ந்து உளியால் தட்டிக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்தப் பயணத்தில் நான் மறக்காத அரை மணி நேரம் அது.

இன்னொன்று, படிக்கட்டின் ஓரத்தில் குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள், நேர்கோடாகத் தெரிந்த தரை நடுவில் மெல்ல மேடாக இருப்பது புலப்படும். தூண்களும் சற்றே உள்பக்கம் சாய்ந்தவை. கோயிலுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சின்ன வளைவுகள்தான்.

கோடையில் காலை திறந்ததும் போய்விடுங்கள். வெயில் கடுமையானால் மதிய நேரத்தில் மூடிவிடுவார்கள். தரைப் பளிங்கு கோடிக்கணக்கான கால் பட்டு வழுக்கும், நல்ல அடிப்பாகம் உள்ள காலணி அவசியம். கோயில் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றிலிருந்து இறங்கியதும் அடிவாரத்தில் 2009இல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். மேல்தளத்தில் கோயிலைச் சுற்றியிருந்த சிற்பப் பட்டையை அதே வரிசையில் வைத்திருக்கிறார்கள். கையில் இருப்பது அசல், இல்லாதது வெள்ளைச் சாந்தில் எடுத்த படி. அந்த வெள்ளைப் படிகளின் அசலில் பெரும்பகுதி இப்போது லண்டனில் இருக்கிறது.

அப்படியானால் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் பார்க்க வேண்டுமா, கூடாதா?

பாருங்கள், நுழைவு இலவசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு கழற்றிக் கொண்டுபோன பார்த்தெனான் சிற்பங்கள் அங்கே இருக்கின்றன. கிரீஸ் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏதென்ஸில் வெள்ளைச் சாந்துப் படிகளைப் பார்த்துவிட்டு இங்கே அசலைப் பார்க்கும்போது, அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, இன்றும் அதே எண்ணம்தான்.

நம்மவர்கள் அங்கே அவசியம் பார்க்க வேண்டியது அமராவதி சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணைக் கரையிலிருந்த பௌத்த ஸ்தூபத்தின் கற்கள். 1840களில் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார், அங்கிருந்து 1859இல் கப்பலேறி லண்டன் போனது ஒரு பகுதி. அதே ஸ்தூபத்தின் இன்னொரு பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் எழும்பூரில் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டுப் போங்கள், லண்டனில் அந்த அறைக்குள் நுழையும்போது கற்கள் தெரிந்த முகமாக இருக்கும்.

மற்றபடி லண்டன் கோபுரக் கோட்டையில் கோஹினூர் இருக்கிறது. பிக் பென் என்பது மணியின் பெயர், கோபுரத்துக்கு 2012இலிருந்து எலிசபெத் கோபுரம் என்று பெயர்.

வார்சாவின் பழைய நகரம் உண்மையில் புதிதாகக் கட்டியதாமே, அதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வேகம் வந்துவிடும். ஆமாம், புதிதாகக் கட்டியதுதான். 1944இல் வார்சா மக்கள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து எழுந்து 63 நாள் போராடித் தோற்றார்கள். அதற்குத் தண்டனையாக நகரத்தைத் தெருத்தெருவாக எரித்தும் வெடிவைத்தும் தரைமட்டமாக்கினார்கள். பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

திரும்பி வந்த மக்கள் செங்கல்லைப் பொறுக்கிக் கட்டினார்கள். எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமே? போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அதோடு பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெல்லோத்தோ என்ற இத்தாலிய ஓவியர் வார்சாவின் தெருக்களை நுணுக்கமாக வரைந்து வைத்திருந்த ஓவியங்களையும் பார்த்துப் பார்த்துச் சுவரை எழுப்பினார்கள். அரச மாளிகை வேலை 1971இல்தான் ஆரம்பித்தது, மக்கள் கொடுத்த நன்கொடையும் அதில் சேர்ந்தது. 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் பழைய நகரத்தைச் சேர்த்ததும் இந்த மீட்டெடுப்புக்காகத்தான். முதலில் மாளிகைக்குள் போய் அந்த ஓவியங்களைப் பாருங்கள், அப்புறம் வெளியே வந்து தெருவைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பெர்லினில் சுவர்தான் போய்விட்டதே, அங்கே என்ன பார்ப்பது?

தரையைப் பாருங்கள். சுவர் நின்ற தடத்தில் நகரின் நடுப்பகுதித் தெருக்களில் இரட்டை வரிசைக் கற்கள் பதித்திருக்கிறார்கள், சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்திலேயே கண்ணில் படும். வாயிலின் உச்சியில் உள்ள நான்கு குதிரைத் தேரை 1806இல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோனார், 1814இல் திரும்பி வந்தது, இரண்டாம் உலகப் போரில் சிதைந்தது, இப்போது இருப்பது புதிதாகச் செய்தது.

ரைக்ஸ்டாக் நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கும்மட்டம் கட்டணமில்லை, ஆனால் முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். கட்டடத்துக்குள் 1945இல் சோவியத் சிப்பாய்கள் சுவரில் கிறுக்கிய ரஷ்ய எழுத்துகளைப் புதுப்பித்தபோதும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே 2,711 கற்பாளங்கள் கொண்ட யூதர் படுகொலை நினைவிடம். அந்தக் கற்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்கவே எடுக்காதீர்கள், குழந்தைகளிடமும் முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

பிராகா, புடாபெஸ்ட், இரண்டில் ஒன்று என்றால்?

புடாபெஸ்ட். பிராகாவின் சார்லஸ் பாலம் அழகுதான், 1357இல் தொடங்கியது, ஆனால் காலை ஆறு மணிக்குப் போகாவிட்டால் மனிதத் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். புடாபெஸ்டில் டான்யூப் அகலமானது, இடம் தாராளம். 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்த சங்கிலிப் பாலத்தை, அது முதலில் திறந்து சரியாக நூறு ஆண்டு முடிந்த 1949 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். அங்கிருந்து நாடாளுமன்றத்தை நோக்கிக் கரையோரமாக நடந்தால் அறுபது ஜோடி இரும்புச் செருப்புகள் கிடக்கும். 1944, 45இல் ஹங்கேரிய பாசிசக் கட்சியினர் யூதர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆற்றோரம் நிறுத்திச் சுட்டார்கள். அதில் குழந்தைகளின் செருப்பும் உண்டு.

லிஸ்பன் போகலாமா?

போங்கள். 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் கூரை விழுந்த கார்மோ தேவாலயத்தை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், வளைவுகளுக்கு மேலே நேராக வானம். பெலெமில் ஜெரோனிமோஸ் மடத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. கொச்சி கோட்டையில் புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு காமாவை முதலில் புதைத்த இடம் தெரிந்திருக்கும்.

பிக்பாக்கெட் பயம் எவ்வளவு நிஜம்?

நிஜம்தான். பாரிஸில் கையில் நூல் கட்டிவிட வருகிறவர்கள், கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுகிறவர்கள், ரோம் த்ரேவி நீரூற்று நெரிசல், மெட்ரோ கதவு மூடும் நேரம், இவைதான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை. என் நண்பர் ஒருவர் மெட்ரோவில் ஏறும் ஐந்து நொடிக்குள் பர்ஸை இழந்தார். பாஸ்போர்ட்டை உள்சட்டையோடு ஒட்டிய பையில் வையுங்கள், செல்போனைப் பின்பாக்கெட்டில் வைக்கவே வேண்டாம்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறோம், எழுபது வயது. நடக்க முடியுமா?

ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதுவும் காலையில், என்று வைத்துக்கொண்டால் முடியும். ரோமின் கருங்கல் தெருக்கள் முழங்காலைச் சோதிக்கும், வியன்னா சமதளம், டிராம் வசதி அருமை. அக்ரோபோலிஸில் நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, முன்பே விசாரித்துவிடுங்கள். பொதுக் கழிப்பறைக்குப் பல இடங்களில் காசு கேட்பார்கள், சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். ரோமில் தெருவுக்குத் தெரு ஓடும் குடிநீர்க் குழாய் இருப்பதால் ஒரு காலி பாட்டில் போதும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் பின்பாதி, மே, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். பள்ளி விடுமுறையால் மே மாதம்தான் முடியும் என்பவர்களுக்கு அதுவே நல்ல காலம். பாரிஸ் லூவ்ர் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் அன்றைய நாள் வீணா?

ரோமில் இருந்தால் கையில் இருக்கும் திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு நேராகப் பாந்தியனுக்கு ஓடுங்கள். பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் கட்டடம், கம்பி போடாத காங்கிரீட் கும்மட்டம், 43 மீட்டருக்கு மேல் அகலம், இன்றைக்கும் அந்த வகையில் உலகிலேயே பெரியது. உச்சியில் பெரிய வட்டத் துவாரம், கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மழை அதன் வழியே உள்ளே இறங்கும், ஒரு தூண் நிற்பது போல. தரை நடுவில் லேசாக மேடு, வழிந்த தண்ணீர் பளிங்கில் போட்டிருக்கும் சின்னச் சின்னத் துளைகளில் இறங்கிவிடும். நடுவில் கயிறு கட்டியிருப்பார்கள், அதன் ஓரமாக நின்று அண்ணாந்து பாருங்கள், முகத்தில் சாரல் அடிக்கும்.